பதினேழாம் கம்பம்

தை மாதக் கூட்டத்தின் குறிப்பு
தட்டச்சில் ஒன்றேகால் பக்கம்.
கிட்டங்கிப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்ததனால்
இரண்டு உறுப்பினர் வரவில்லை; ஏற்கப்பட்டது.
குப்பை உழவு இயந்திரத்துக்கு டயர், முன்னிரண்டும்.
சந்தை மீன்கடைக்காரர்
கழுவிய தண்ணீரை வடிகானுக்குள் விடவேண்டும்.
வடிகான் எங்கே என்று மீன்கடைக்காரர் கேட்டிருக்கிறார்.
நாய்களுக்கு ஊசி சனிக்கிழமை, நூலகத்துக்கு முன்னால்,
கயிற்றோடு கொண்டுவரவும்.

மறுகா, பதினேழாம் கம்பம்.

அதற்கு மின்குமிழ் கேட்டு மூன்று வருடமாய்
சாந்தரூபி எழுதிய கடிதங்கள் என் கோப்பில் உண்டு.
முதலாவது
‘பெருமதிப்புக்குரிய தவிசாளர் அவர்கட்கு’ என்று தொடங்கும்.
நாலாவது ‘ஐயா’ என்று.
ஆறாவதில் விளிப்பே இல்லை:
‘ஆறரைக்கு ரியூசன் விடுகிறது. வட்டைக் கரையில்
ஒரு கிலோமீற்றர் இருட்டு. போன கிழமை யானை.
யானையென்றால் வெளியில் சொல்லலாம்.’
அந்தக் கடைசி வரியை
சபைக்கு நான் இரண்டுதரம் வாசித்தேன்.
ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

புரட்டாதியில் குமிழ் வந்தது. வெள்ளை வெளிச்சம்.
அறிவித்தல் பலகையில் நானே எழுதினேன்,
சிவப்புப் பேனாவால், அடியில் கோடும் போட்டு.
பிள்ளைகள் அதன் கீழ் சைக்கிளை நிறுத்தி
கணக்குக்கு வந்த விடையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.
யானை மற்றப் பாதையால் போனது.

மார்கழி முடிய இஸ்மாலெவ்வை வந்தார்.
இரண்டு பிடி பயிரை வேரோடு பிடுங்கி
என் மேசையில் வைத்தார், சேறு சொட்டச் சொட்ட.
‘இது மேட்டுக் கண்டத்து வேளாண்மை. கதிர் தள்ளிற்று.
இது உங்கட லைற்றுக்குக் கீழ நிக்கிறது.
ஒரே நாள் விதைச்ச, ஒரே பசளை.
ராவு எது பகல் எதுவெண்டு அதுக்கு விளங்கல்ல தங்கச்சி.
உறங்காத பயிர் எப்பிடிக் குடலை கட்டும்?’
சேறு, வருகைப் பதிவேட்டில்
இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது.

கூட்டத்தில் அதற்கு ஒன்றரை மணித்தியாலம்.
அணைக்கச் சொன்னவர் ஐவர், எரியச் சொன்னவர் ஐவர்,
தவிசாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
பார்வையாளர் வாங்கில் சாந்தரூபியும் இஸ்மாலெவ்வையும்,
நடுவில் ஒரு நனைந்த குடை.
பேச்சு குமிழை விட்டு
யாருடைய ஊர், யாருடைய வட்டை என்று
கிறுகத் தொடங்கியபோது
தேநீர் வந்தது. நல்ல வேளை.

தேநீர்த் தட்டுக்குப் பின்னால் நின்ற மின்வேலையாள் கோணாமலை,
சபையில் பேச அனுமதி இல்லாதவர்,
பேசினார்:
‘எனக்கொரு எண்ணெய்த் தகரம் தாங்க.’

அடுத்தநாள் தகரத்தை வெட்டி, வளைத்து,
வயல் பக்கமாகக் குமிழுக்குக் கட்டிவிட்டு இறங்கினார்.
றோட்டில் இப்போது வெளிச்சம் விழுகிறது,
வரம்படியில் கத்தி வைத்ததுபோல் நின்றுவிடுகிறது.
அங்கால ராவு.
தவளைகளுக்கு அது முதலில் தெரிந்தது.

‘முன்மொழிந்தவர்’ என்ற இடத்தில்
கோணாமலையின் பெயரைப் போட விதி விடாது.
உறுப்பினர் நேசராசாவின் பெயரைப் போட்டேன்.
அவர் அன்று வெள்ளத்துக்கு அப்பால் நின்றவர்.
குறிப்பு உறுதிப்படுத்தப்பட்டபோது
அவரும் திருத்தம் சொல்லவில்லை.

மாசியில் வட்டை முழுக்கப் பழுத்தது.
கம்பத்தடியில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை.
வெட்டு மெசின் அதைச் சுற்றிப் போய்விட்டது.
பத்தொன்பது நாள் பிந்தி அதுவும் கதிர் தள்ளியபோது
பறவைகளுக்கு வேறு வயல் இருக்கவில்லை.
இஸ்மாலெவ்வை நட்டஈடு கேட்டு எழுதியிருக்கிறார்,
ஒன்றே முக்கால் மரைக்கால் நெல்லுக்கு.
அடுத்த மாத நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கிறேன்,
டயருக்குக் கீழே. டயர் இன்னும் வரவில்லை.

அதற்கும் கீழே சாந்தரூபியின் ஏழாவது கடிதம்:
‘பதினெட்டாம் கம்பம்.
தகரத்தோடு.’